ஊட்டிக் காற்றில் நைட்ரோ டிரக்: டியூன் செய்வதா, ஸ்லீவ் மாற்றுவதா, மோட்டாருக்கு மாறுவதா?

கோயம்புத்தூர் மைதானத்தில் சீறிக்கொண்டு ஓடிய நைட்ரோ டிரக், அதாவது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் கன்ட்ரோல் மாடல் டிரக், மலையேறி வந்ததும் சோர்ந்துவிடுகிறது. சைலன்சரில் புகை கொட்டுகிறது, பிக்கப் இல்லை, ரேஸ் கொடுத்தால் 'பொடபொட'வென்று திணறிவிட்டு மெதுவாக எழுகிறது. நீலகிரியில் டி-மேக்ஸோ ரீவோவோ சாவேஜோ (எல்லாம் இவ்வகை டிரக் மாடல்கள்) வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் யோசிப்பவை நான்கு வழிகள்: இருக்கும் எஞ்சினையே இந்த ஊர்க் காற்றுக்கு ஏற்ப டியூன் செய்வது, பிஸ்டனும் அது ஓடும் குழாயான ஸ்லீவும் மாற்றுவது, பெரிய எஞ்சின் போடுவது, நைட்ரோவையே கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் மோட்டார் வைப்பது. நான்குமே நடக்கக்கூடியவை, நான்குக்கும் இடம் உண்டு. ஆனால் பலவீனம் எஞ்சினில் இருக்கிறதா காற்றில் இருக்கிறதா என்று பார்க்காமலே பலர் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். நல்ல பிஸ்டன் குப்பைக்குப் போகிறது. புது எஞ்சினும் வந்த அன்றே அதே 'பொடபொட'வைத்தான் பாடுகிறது.

முதலில் காற்றைப் பார்ப்போம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோயம்புத்தூர் 400 மீட்டரை ஒட்டி. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம் என்பதால் ஊட்டியின் குளிர் உயரத்தின் பாதிப்பைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. ஊட்டியில் 15 டிகிரி செல்சியஸ், கோவையில் 32 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஊட்டிக் காற்று சுமார் 15 சதவீதம் மெலிந்தது. குன்னூர், கோத்தகிரியில் இந்த வித்தியாசம் சற்றுக் குறையும். கொடைக்கானல் ஏறத்தாழ ஊட்டி மாதிரிதான்.

நைட்ரோ கார்புரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. நீடில், அதாவது எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி ஸ்க்ரூ, திறந்திருக்கும் அளவுக்கு எரிபொருளை விட்டுக்கொண்டே இருக்கும். காற்று குறைந்து எரிபொருள் பழைய அளவிலேயே வந்தால் கலவை ரிச் ஆகிறது, அதாவது காற்றுக்கு மிஞ்சி எரிபொருள் சேர்கிறது. ஆக, மலையில் எஞ்சின் இரண்டு விதமாகச் சக்தியை இழக்கிறது. ஒன்று, ரிச் ஆனதால் வரும் இழப்பு. இதை நீடிலைத் திருப்பி முழுவதும் மீட்கலாம். இன்னொன்று, ஆக்சிஜன் குறைந்ததால் வரும் இழப்பு. இதை எந்த நீடிலாலும் மீட்க முடியாது. கையில் இருக்கும் டிரக் இந்த இரண்டில் எதனால் அதிகம் தவிக்கிறது, கூடவே மூன்றாவதாகத் தேய்மானமும் சேர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிட்டால் நான்கு வழிகளில் எது என்பது பாதி தீர்ந்துவிடும்.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, குளோ பிளக் (சூடான கம்பிச் சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) உள்ளே இருக்கட்டும், ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இந்த எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் கிடையாது. அலுமினியப் பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ், அந்த ஸ்லீவின் மேல்பகுதி கொஞ்சம் குறுகல். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தக் குறுகலில் இறுகி நிற்க வேண்டும், விரலை அழுத்தித்தான் தாண்டவைக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் தேய்ந்துவிட்டது. இன்னொரு அடையாளமும் உண்டு. காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது, பத்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் நின்றுவிடுகிறது, ஆறும் வரை என்ன இழுத்தாலும் எழுவதில்லை என்றால் கம்ப்ரஷன் போய்விட்டது என்று பொருள். குளிரில் இறுக்கமாக இருக்கிறது, சூட்டிலும் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுவை மட்டும் இல்லை என்றால் எஞ்சின்மேல் குற்றமில்லை.

டியூன் செய்து பார்ப்பது

செலவே இல்லாத வழி இதுதான். என் கணிப்பில் மலையில் பத்தில் ஏழெட்டு டிரக்குகளுக்கு இதுவே போதும். ஆனால் பொறுமை வேண்டும், வரிசையும் வேண்டும்.

பழைய குளோ பிளக்கை வைத்துக்கொண்டு டியூன் செய்யக் கூடாது. புது பிளக், புது எரிபொருள், சுத்தமான ஏர் ஃபில்டர், அதன் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். எஞ்சினை முதலில் ஐந்து நிமிடமாவது ஓட்டிச் சூடேற்றுங்கள். ஆறிய எஞ்சினில் வைத்த டியூன் சூடானதும் வேறாகிவிடும்.

முதலில் ஹை ஸ்பீடு நீடில். உள்ளே திருப்பினால் எரிபொருள் குறைந்து லீன், வெளியே திருப்பினால் ரிச். ஒரு தடவைக்குக் கடிகார முள் ஒரு மணி நேரம் நகரும் அளவு, அதாவது ஒரு முழுத் திருப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் திருப்புங்கள். திருப்பியதும் நேராக ஒரு நீண்ட ஓட்டம் விடுங்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் ரிச்சாக இருக்கும் டிரக்கை ஓடவிட்டால் பார்ப்பவருக்கே தெரியும்: மைதானத்தின் பாதி தாண்டும் வரை எஞ்சின் ஒலி மேலே ஏறாது, பின்னால் கனத்த வெள்ளைப் புகை, ஒலியில் ஒரு ஈரமான திக்கல். நீடிலை ஒரு மணி அளவு உள்ளே திருப்பியதும் புகை மெலியும், ஒலி கொஞ்சம் கூர்மையாகும். இன்னொரு மணி. திக்கல் போய்விடும், முழு வேகத்தில் ஒலி ஒரே சீராக நிற்கும். அதோடு நிறுத்துங்கள். இன்னும் ஒரு மணி திருப்பினால் இன்னும் வேகம் வருமே என்ற ஆசையில்தான் பிஸ்டன்கள் சாகின்றன. ஒலி கூர்மையாகி, ஓட்டத்தின் கடைசியில் எஞ்சின் தானாகத் தளர்ந்தால், அல்லது புகையே கண்ணில் படாவிட்டால், எல்லை தாண்டிவிட்டீர்கள். உடனே இரண்டு மணி வெளியே. எண்ணெய் எரிபொருளோடுதான் உள்ளே போகிறது என்பதை நினைவில் வையுங்கள். எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். முழு வேகத்திலும் ஒரு மெல்லிய புகைக்கோடு பின்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது லோ ஸ்பீடு நீடில். சூடான எஞ்சின் ஸ்லோவில் ஓடிக்கொண்டிருக்கும்போது கார்புரேட்டருக்குப் பக்கத்தில் எரிபொருள் குழாயை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஒலி லேசாக ஏறி, இரண்டு மூன்று நொடியில் அணைந்தால் சரியாக இருக்கிறது. பிடித்ததும் சட்டென்று அணைந்தால் லீன். ஒலி ஏறி ஏறி நெடுநேரம் ஓடிவிட்டு அணைந்தால் ரிச். மலைக்கு வந்த டிரக்குகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான் இருக்கும். இதைச் சரி செய்ததும் ஸ்லோ ஸ்க்ரூவைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். பிறகு ஹை ஸ்பீடை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ஒன்று மற்றதைத் தொடும்.

வெப்பமானியை மட்டும் நம்பி டியூன் செய்கிறவர்கள் இந்த ஊரில் ஏமாறுவார்கள். எஞ்சின் ஹெட் 100 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது சமவெளிக்குச் சொன்ன பொதுவான கணக்கு. ஜனவரி மாலை 10 டிகிரி குளிரில் சரியான டியூனில் ஓடும் எஞ்சின்கூட 90 டிகிரியைத் தாண்டாமல் இருக்கலாம். 'சூடு ஏறவில்லை, இன்னும் லீன் செய்யலாம்' என்று திருப்பிக்கொண்டே போனால், வெளியே ஹெட் ஆறியிருக்க உள்ளே பிஸ்டன் வெந்துபோகும். இங்கே புகையும் ஒலியும் பிளக்கும்தான் சாட்சி. ஒரு முழு டேங்க் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றிக் கம்பிச் சுருளைப் பாருங்கள். பளபளப்பாகக் கொஞ்சம் ஈரமாக இருந்தால் நல்லது. சாம்பல் பூத்து மங்கியிருந்தால் லீன். சுருள் நசுங்கியோ முறுக்கிக்கொண்டோ இருந்தால் லீன் அல்லது கம்ப்ரஷன் அதிகம். கடும் குளிரில் ஹெட்டின் முன்பக்கத் தகடுகளில் பாதியை அலுமினியத் தாளால் சுற்றிச் சூட்டைக் காப்பாற்றுவது பழைய வழி. அதைச் செய்த பிறகே டியூனைத் தொடுங்கள்.

ஒரே நாளுக்குள்ளும் ஊட்டிக் காற்று மாறுகிறது. விடிகாலை 5 டிகிரியிலிருந்து மதியம் 20 டிகிரிக்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி 5 சதவீதம் குறைகிறது. அதனால் காலையில் வைத்த டியூன் மதியம் லேசாக ரிச் பக்கம் சாயும், இதில் ஆபத்தில்லை. மதியம் வைத்த டியூனோடு மறுநாள் உறைபனிக் காலையில் ஓட்டினால் லீன் பக்கம் சாயும். அதுதான் ஆபத்து. காலை ஓட்டத்துக்கு ஒரு மணி அளவு வெளியே திருப்பிவிட்டு ஆரம்பியுங்கள்.

உறைபனிக் காலையில் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஆறிய ஸ்லீவ் பிஸ்டனை இறுக்கிப் பிடித்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யும் கயிற்றைப் பலங்கொண்டு இழுத்தால் கனெக்டிங் ராடுதான் அடி வாங்கும், கயிறும் அறும். முடி உலர்த்தும் டிரையரால் ஹெட்டை நாலைந்து நிமிடம் காட்டிவிட்டு இழுங்கள். ஓட்டி முடித்து வைக்கும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். உச்சியில் சூட்டோடு நின்றால் ஆறும்போது ஸ்லீவ் அதைக் கவ்விக்கொள்ளும். ஃபிளைவீலில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பிஸ்டன் கீழே இருப்பது பார்த்தவுடன் தெரியும்.

இனி, நீடிலால் மீட்க முடியாத அந்த இரண்டாவது இழப்பு. அதற்கு எரிபொருளில்தான் கொஞ்சம் மருந்து இருக்கிறது. ஒரு கிராம் மெத்தனால் முழுதாக எரிய ஏறக்குறைய ஆறரை கிராம் காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு ஒன்றே முக்கால் கிராம்கூட வேண்டாம், ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. மெலிந்த காற்றில் 20 சதவீத நைட்ரோவிலிருந்து 30 சதவீதத்துக்குப் போனால் இழுவையில் மாற்றம் தெரியும். எஞ்சின் கையேடு அந்த அளவை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நைட்ரோ கூடினால் நீடிலையும் கொஞ்சம் வெளியே திருப்ப வேண்டும். விமான மாடல்களுக்கான குறைந்த நைட்ரோ எரிபொருள் கிடைக்கிறதே என்று அதை ஊற்றினால் எஞ்சின் ஓடும், ஆனால் இந்த உயரத்தில் ஸ்லோ நிற்காது, பிக்கப்பும் வராது.

ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஷிம் எனும் மெல்லிய வளையத் தகடுகளில் 0.1 மி.மீ. ஒன்றை எடுத்துக் கம்ப்ரஷனைக் கூட்டுவதும் மலையில் பலன் தரும். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் எஞ்சினுக்குள் உண்மையில் கிடைக்கும் கம்ப்ரஷனும் குறைந்துதான் இருக்கிறது. எடுத்த பிறகு எஞ்சின் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல் பொரிந்தால், அல்லது பிளக் சுருள் நசுங்கினால், ஷிம்மைத் திரும்ப வைத்துவிடுங்கள். நைட்ரோ கூட்டுவது, ஷிம் எடுப்பது இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது எதைச் செய்தது என்று தெரியாது. முதலில் எரிபொருளை மாற்றிப் பாருங்கள், ஷிம் பிறகு.

இப்படி மலைக்கென்று லீன் செய்து, ஷிம்மும் எடுத்த டிரக்கைக் காரில் வைத்து மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறக்கிக்கொண்டு போய் அப்படியே ஸ்டார்ட் செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பர்லியார் தாண்டி இறங்கும்போதே காற்று கனமாகிக்கொண்டு வருகிறது. ஊட்டியில் சரியாக இருந்த நீடில் அங்கே கொடும் லீன். முதல் டேங்கிலேயே பிஸ்டன் சீஸ் ஆகலாம், அதாவது ஸ்லீவோடு இறுகி நின்றுவிடலாம். மலைக்கு வந்ததும் எத்தனை மணி உள்ளே திருப்பினீர்களோ அத்தனையையும் வெளியே எடுத்து, மேற்கொண்டு இரண்டு மணி சேர்த்து வெளியே வைத்துவிட்டுத்தான் சமவெளியில் கயிற்றைத் தொட வேண்டும். டிரக் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்து ஊர், நேரம், வெப்பம், இரண்டு நீடில்களும் மூடிய நிலையிலிருந்து எத்தனை திருப்பு என்று எழுதிவிடுங்கள். எண்ணுவதற்காக நீடிலை உள்ளே திருப்பும்போது முட்டியதும் நிறுத்த வேண்டும். இறுக்கினால் அது உட்காரும் இடம் கெட்டுவிடும்.

எரிபொருள் பற்றிச் சொல்லாமல் இந்த வழியை எடைபோட முடியாது. நைட்ரோ எரிபொருளை மலைக்குக் கொண்டுவருவதே பாதிப் பாடு. தீப்பற்றும் பொருளை கூரியரில் ஏற்கமாட்டார்கள், ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டுவரக் கூடாது. கீழே போகும்போது சொந்த வண்டியில், உலோகக் கேனில் கொண்டுவர வேண்டியதுதான். வீட்டிலேயே கலந்துகொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். மெத்தனால் தமிழ்நாட்டில் கட்டுப்பாட்டில் இருக்கும் பொருள், சில மடக்கு உள்ளே போனாலே கண்ணும் உயிரும் போகும். தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். மெத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மூடியை அரைகுறையாக மூடிய கேன் நம் ஊர் மூடுபனியில் சீக்கிரம் கெடும். காலையில் நன்றாக ஓடிய டியூன் மதியம் காரணமில்லாமல் அலைகிறது என்றால் முதலில் கேனைச் சந்தேகியுங்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. தண்ணீரில் அணையும் என்பதால், ஜனவரி முதல் புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் ஒரு வாளித் தண்ணீர் இல்லாமல் மைதானத்தில் கேனைத் திறக்க வேண்டாம்.

பிஸ்டனும் ஸ்லீவும் மாற்றுவது

ஃபிளைவீல் வழுக்கினால்தான் இந்த வழி. அதற்கு முன்னாலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது: காற்றுக் கசிவு. ரேஸை விட்ட பிறகும் ஒலி இறங்காமல் தொங்குகிறது, டியூன் ஒரு நாள்போல் இன்னொரு நாள் இல்லை என்றால், பேக் பிளேட்டிலோ கார்புரேட்டர் கழுத்திலோ காற்று நுழைகிறது. எஞ்சினைக் கழற்றி, சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்து, எரிபொருள் குழாய் வழியாக மெதுவாக ஊதிக்கொண்டு வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, நன்றாக உலர்த்தி எண்ணெய் விட்டு, அந்த மூட்டுகளுக்குச் சூடு தாங்கும் கேஸ்கெட் பேஸ்ட் தடவுங்கள். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் 'அனபாண்ட்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒரு ட்யூப் பேஸ்ட்டில் தீர்ந்திருக்க வேண்டியதை ஸ்லீவ் செட் வாங்கித் தீர்க்கப் பார்ப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கம்ப்ரஷன் உண்மையிலேயே போயிருந்தால் பக்கத்துப் பைக் மெக்கானிக்கிடம் கொண்டுபோவோம். அவரும் நல்ல மனதோடு, "போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடலாம் தம்பி" என்பார். பைக்குக்கு அது சரி. இந்த ஸ்லீவில் குரோம் பூச்சு இருக்கிறது, மேலே குறுகல் இருக்கிறது, பிஸ்டனுக்கு ரிங்கும் இல்லை. போர் செய்தால் மூன்றும் போச்சு. பிஸ்டன், ஸ்லீவ், கனெக்டிங் ராடு மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுவதுதான் முறை. பழைய ராடை மட்டும் மிச்சப்படுத்தினால் அது புது பிஸ்டனின் இறுக்கத்தைத் தாங்காமல் உடைந்து, செட்டையும் கெடுத்துவிடும். கழற்றியிருக்கும்போதே முன், பின் பேரிங்குகளைச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் அதையும் மாற்றிவிடுங்கள். மூடுபனிக் காலத்தில் எண்ணெய் விடாமல் வைத்த எஞ்சின்களில் முதலில் துருப்பிடிப்பது பின் பேரிங்தான்.

கணக்கு எளிது. செட்டும் பேரிங்கும் சேர்ந்து புது எஞ்சின் விலையில் பாதியைத் தாண்டினால் புது எஞ்சினே வாங்குங்கள். தாண்டாவிட்டால் செட். பழைய மாடலுக்கு உதிரி பாகம் இன்னும் வருகிறதா என்பதைப் பணம் கட்டும் முன்னால் உறுதி செய்துகொள்ளுங்கள்.

புது செட்டோ புது எஞ்சினோ, பழக்கும் கட்டத்தை அவசரப்படுத்த முடியாது. ரிச்சாக வைத்து, ஸ்லோவிலும் அரை ரேஸிலும் சில டேங்குகள். ஒவ்வொரு டேங்குக்கும் நடுவே பிஸ்டனைக் கீழே இறக்கி முழுவதும் ஆறவிட வேண்டும். ஹெட்டைத் தொட முடியாத சூட்டுக்கு வரவைப்பதும் அவசியம், குளிரிலேயே ஓட்டிப் பழக்கினால் ஸ்லீவின் குறுகல் விரியாமல் பிஸ்டன் அதில் உரசித் தேயும். ஊட்டியில் பழக்குகிறவர்கள் ஹெட்டில் தாள் சுற்றியே ஆக வேண்டும், முடிந்தால் மதிய வெயிலில் பழக்குங்கள். ஒரு முழுச் சனிக்கிழமை போகும். போகட்டும்.

பெரிய எஞ்சின்

15 சதவீதக் காற்றை இழந்தோம், சுமார் 18 சதவீதம் பெரிய எஞ்சினால் ஈடுகட்டலாம் என்ற வாதம் கணக்குப்படி சரிதான். ஆனால் 3.3 சிசி எஞ்சினுக்காகச் செய்த டிரக்கில் 4.6 சிசியை உட்கார வைக்க மவுண்ட், கிளட்ச், சைலன்சர் எல்லாம் கேட்கும். கியர்களும் டிஃபரன்ஷியலும் அந்த இழுவைக்குச் செய்யப்பட்டவை அல்ல. எரிபொருள் குடிப்பது கூடும், அந்த எரிபொருளையும் நாம்தான் மலையேற்ற வேண்டும். புது கார்புரேட்டரும் இதே காற்றில்தான் மூச்சு விடும், நீடில் வேலை அப்படியே இருக்கும். பழைய எஞ்சின் செத்துவிட்டது, உங்கள் மாடலுக்கே தயாரிப்பாளர் பெரிய எஞ்சினும் பொருத்தும் சாமான்களும் தருகிறார் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பிரஷ்லெஸ் மோட்டார்

மோட்டாருக்கு ஆக்சிஜன் வேண்டாம். மேட்டுப்பாளையத்திலும் தொட்டபெட்டா அடிவாரத்திலும் அதே இழுவை. உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிட வேண்டும்.

மோட்டார் தேர்வில் ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும். நைட்ரோ டிரக்கின் கியர் பெட்டி நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளை ஒட்டிய வேகத்துக்குச் செய்யப்பட்டது. 2,000 கேவி மோட்டாரை, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2,000 சுற்று சுற்றும் மோட்டாரை, நான்கு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில், அதாவது 14.8 வோல்ட்டில் ஓட்டினால் 29,600 சுற்று. பழைய கியர்களோடு பொருந்தும். ஆனால் மோட்டார் தொட்ட கணமே முழு இழுவையையும் தருகிறது. நைட்ரோவில் கிளட்ச் வழுக்கி வாங்கிக்கொள்ளும் அடியை இங்கே டிஃபரன்ஷியல் பற்கள் நேரடியாக வாங்கும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் ஆரம்ப வேகத்தைக் குறைத்து வைக்காவிட்டால் முதல் வாரத்திலேயே பல் உடையும். பிரேக் டிஸ்க், இரண்டு கியர் அமைப்பு, ரிவர்ஸ் சர்வோ எல்லாம் வெளியே வந்துவிடும். மாற்று கிட் கிடைக்கும் மாடலாக இருந்தால் ஒரு வார இறுதி வேலை. கிட் இல்லாத மாடலுக்கு மவுண்ட் அடித்து உட்கார வைப்பது லேத் பட்டறை தெரிந்தவர்களுக்குத்தான்.

மலைக் குளிர் லைப்போவையும் விடுவதில்லை. 10 டிகிரிக்குக் கீழே பேட்டரியின் உள்தடை ஏறி, ரேஸ் கொடுத்ததும் வோல்ட்டேஜ் விழும், இழுவையும் நேரமும் குறையும். ஓட்டும் வரை பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் வைத்திருங்கள். குளிரில் கிடந்த பேட்டரியை அப்படியே சார்ஜில் போடாதீர்கள், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு போடுங்கள், அதுவும் கண் பார்வையில், தீப்பிடிக்காத பையில். சும்மா வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் சார்ஜும் இல்லை, ஓட்டமும் இல்லை. கேனில் எரிபொருள் இருந்தால் நைட்ரோவுக்கு இந்தக் கவலை கிடையாது.

என்னைக் கேட்டால் உயரத்தைவிடச் சத்தம்தான் இங்கே பெரிய காரணம். குன்னூர், கோத்தகிரித் தேயிலைச் சரிவுகளில் வீடுகளுக்கு நடுவே நைட்ரோவின் அலறல் பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கும். சாயங்காலமானால் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கிறது, கரடியும் வருகிறது. காட்டோரத்தில் நைட்ரோ ஓட்டக் கூடாது, சோலைக்கும் புல்வெளிக்கும் உள்ளே எந்த டிரக்கையும் கொண்டுபோகவே கூடாது. பகலில், ஊர் மைதானத்தின் நடுவில், கேட்டுவிட்டு ஓட்ட இடம் இருப்பவர்களுக்கு நைட்ரோ தகும். லைன் வீடுகளிலும் நெருக்கமான தெருவிலும் இருப்பவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக டிரக் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் மோட்டாருக்கு மாறலாம். மெத்தனாலை வீட்டில் வைக்க வேண்டியதில்லை என்பது ஒன்றே பெற்றோருக்குப் போதுமான காரணம்.

பெரியவர், மைதானம் இருக்கிறது, மாதம் ஒருமுறையாவது கீழே போய்வருகிறார், ஃபிளைவீல் இன்னும் இறுகுகிறது என்றால் டியூனோடு நிறுத்தட்டும். 30 சதவீத எரிபொருளும் ஒரு புது பிளக்கும் வாங்கினால் போதும். வழுக்கினால், உதிரி கிடைத்தால், ஸ்லீவ் செட். சமவெளி நண்பர்களோடு ஓட்டுவதற்காக அடிக்கடி இறங்கி ஏறுகிறவர் நீடில் நோட்டை ஒழுங்காக எழுதும் ஆளாக இருக்க வேண்டும். அது தன்னால் ஆகாது என்று தோன்றினால் மோட்டார்தான் அவருக்கு நல்லது, இரண்டு உயரத்திலும் பிஸ்டனைப் பற்றிய பயம் இருக்காது.

மோட்டாருக்கு மாறினாலும் கழற்றிய எஞ்சினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் எரிபொருளை ஓட்டித் தீர்த்து, கார்புரேட்டர் வாயிலும் பிளக் துளையிலும் நாலைந்து சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஃபிளைவீலைக் கையால் சுற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடுங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒருமுறை டப்பாவைத் திறந்து மறுபடி எண்ணெய் விட்டு, பொட்டலத்தை மாற்றினால் பேரிங்கில் துரு ஏறாது.